பேரிக்காய் விருந்தும் பெரிய வழக்கும்

2000-ஆம் ஆண்டின் முற்பாதியில் நியூயார்க் நகரத்தில் ஒரே குறையைப் பற்றி இரண்டு இடங்களில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓரிடம் மன்ஹாட்டனில் ஒரு நீதிமன்றம். மற்றோரிடம் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் அறை. முன்னது அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் பெயர்பெற்ற வழக்காயிற்று. பின்னதிலிருந்து டோனர்ஸ்சூஸ் என்ற தொண்டு நிறுவனம் பிறந்தது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்கள் குறைவு. நிறுவனத்தின் பிறந்த கதையைத் தனியாகச் சொன்னால் அது ஒரு நல்ல மனிதரின் கதையாக முடிந்துவிடுகிறது. வழக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பலமும் குறையும் தெரிகிறது.

வழக்கைத் தொடுத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஜாக்சன். மன்ஹாட்டனின் வடகோடியில் ஒரு வட்டாரப் பள்ளி வாரியத்தின் தலைவர். அதே பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தகப்பன். வழக்கறிஞர் மைக்கேல் ரெபெலுடன் சேர்ந்து 1993-இல் நியூயார்க் மாநில அரசின் மீது வழக்குப் போட்டார். பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. நகரப் பள்ளிகளுக்கு அரசு கொடுக்கும் பணம் அந்தக் கடமைக்குப் போதவில்லை. வாதம் இவ்வளவுதான். ஆனால் விசாரணை தொடங்க 1999 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு அது ஏழு மாதம் நடந்தது. நகரத்தின் 31 உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆய்வகமே கிடையாது, 16,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த வழக்கில்தான் பதிவாயிற்று.

நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு நடந்த அதே காலத்தில், பிராங்க்ஸில் விங்ஸ் அகாதமி என்ற பள்ளியில் சமூக அறிவியல் நடத்திய சார்ல்ஸ் பெஸ்ட் விடியற்காலையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தைந்தை ஒட்டி. மேற்கு நோக்கிக் குடியேறிய அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிப் பாடம் நடத்த லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘புல்வெளியில் ஒரு சின்ன வீடு’ நாவலை மாணவர்கள் வாசிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆளுக்கொரு புத்தகம் வாங்கப் பள்ளியில் பணமில்லை. அதனால் பக்கம் பக்கமாக நகல்.

பெஸ்ட் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. மன்ஹாட்டனில் வளர்ந்தவர், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள செயின்ட் பால்ஸ் என்ற பெரிய இடத்து உறைவிடப் பள்ளியில் படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டே பிராங்க்ஸுக்கு வந்தார். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு பள்ளிகளின் நடுவே உள்ள தூரத்தைத் தன் கண்ணால் பார்த்தவர் என்பதும், பணமுள்ளவர்களின் முகவரிகள் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன என்பதும் இந்தக் கதையில் பின்னால் வேலை செய்யும்.

உலகத்தின் பணக்கார நாட்டில் வாத்தியார் ஏன் நகல் எடுக்கிறார் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் பள்ளிப் பணத்தில் மத்திய அரசின் பங்கு சிறியது. பெரும்பகுதி மாநிலமும் உள்ளூரும் போடுவது. உள்ளூர்ப் பணம் என்பது பெரும்பாலும் வீட்டு வரி. வீட்டு விலை ஏறிய ஊரில் பள்ளி செழிக்கும், இறங்கிய ஊரில் வாடும். இது நாட்டின் அரசியல் சாசனத்துக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றமே 1973-இல் டெக்சாஸ் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஜாக்சன் போன்றவர்கள் மாநில அரசியல் சாசனங்களைப் பிடித்துக்கொண்டு மாநில நீதிமன்றங்களுக்குப் போனது அதனால்தான். வரும் பணமும் சம்பளம், கட்டடம், பேருந்து என்று தலைப்பு வாரியாகத்தான் வரும். நடுவில் ஓர் ஆசிரியருக்கு முப்பது நாவல் வேண்டும் என்று தோன்றினால் அதற்குத் தலைப்பு இருக்காது. எனவே கைப்பணம். 2015–16-இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்புக்காகச் சொந்தப் பணம் செலவழித்ததாகச் சொன்னார்கள். சராசரி ஆண்டுக்கு 479 டாலர். இப்படிச் செலவழிப்பதை அரசு அறியாமல் இல்லை. 2002 முதல் ஆசிரியர்களுக்கு 250 டாலர் வரை வருமான வரிக் கழிவு கொடுத்தது. பணம் கொடுக்கவேண்டிய கை, பணம் போட்டவரின் முதுகில் தட்டிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது.

மதியச் சாப்பாட்டு அறையில் சக ஆசிரியர்களும் இதையே பேசினார்கள். ஒருவருக்குப் புத்தகம், இன்னொருவருக்குத் துணி, மற்றொருவருக்கு மாணவர்களை எங்காவது கூட்டிப்போகப் பணம். பேசிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். பெஸ்டுக்குத் தோன்றியது இது: தன் பணம் எங்கே போகிறது என்று தெரியாததால் கொடுக்காமல் இருப்பவர்கள் வெளியே நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சு அப்படியே காதில் விழுந்தால்? ஆசிரியர் கேட்கிற பொருளைப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும்படி ஓர் இணையதளம் இருந்தால்?

தாளில் பென்சிலால் ஒவ்வொரு பக்கமும் எப்படி இருக்கவேண்டும் என்று வரைந்தார். போலந்திலிருந்து அப்போதுதான் குடியேறியிருந்த ஒரு நிரலாளர் 2,000 டாலருக்கு அதைத் தளமாகக் கட்டிக்கொடுத்தார். 2000 மார்ச்சில் உச்சிக்குப் போன நாஸ்டாக் சந்தை அதன்பின் சரிந்து, கோடிகளை விழுங்கிய இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த 2,000 டாலர் தளம் பிழைத்துக்கொண்டது.

தளம் தயார், கேட்க ஆளில்லை. ஆசிரியர்கள் புதிய திட்டம் என்றால் சலித்துப்போனவர்கள், எந்த ஊரிலும். பெஸ்டின் அம்மா பேரிக்காயை அடுப்பில் வாட்டி ஓர் இனிப்புச் செய்வார். வீட்டில் அதற்குப் பெரிய பெயர். அதைச் செய்யச் சொல்லிச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோனார். சாப்பிடலாம், ஆனால் சாப்பிட்டவர் தளத்தில் ஒரு வேண்டுகோள் எழுதவேண்டும். பேரிக்காய் தீர்ந்தது, 11 வேண்டுகோள்கள் வந்தன. போர்வை தைக்கத் துணி கேட்டவர் உண்டு; கல்லூரி நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் புத்தகம் கேட்டவர் உண்டு.

இனிக் கொடுக்க ஆள் வேண்டும். பெஸ்டின் அத்தை ஒருவர், செவிலியர், ஒன்றுக்குக் கொடுத்தார். மிச்சத்துக்கு? பெஸ்டே, தன் சம்பளத்திலிருந்து, பெயர் சொல்லாமல் கொடுத்தார். அப்பா அம்மாவோடு வீட்டில் இருந்ததால் வாடகை கிடையாது; சம்பளம் மிஞ்சியது. சக ஆசிரியர்களுக்கு இது தெரியாது. வெளியே எங்கோ கொடையாளிகள் மலைபோல் காத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். சேதி பிராங்க்ஸ் முழுக்கப் பரவியது. வேண்டுகோள்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

இதைப் பொய் என்று சொல்லலாம். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டில் முதல் இரண்டு நோட்டைத் தானே போட்டு வைப்பாரே, அந்த ரகப் பொய். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் நூறு வேண்டுகோளை ஓர் ஆசிரியர் சம்பளம் தாங்காது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கே வருகிறது. பெஸ்டின் மாணவர்கள், உதவி பெறவேண்டியவர்கள் என்று எல்லாரும் நினைக்கிற அதே பிராங்க்ஸ் பிள்ளைகள், பள்ளி விட்டபிறகு உட்கார்ந்து கையால் கடிதம் எழுதினார்கள். முகவரிகள் பெஸ்ட் படித்த உறைவிடப் பள்ளியின் பழைய மாணவர் பட்டியலிலிருந்து வந்தவை. சில மாதங்களில் 2,000 பேருக்குக் கடிதம் போயிற்று. திரும்பி வந்தது 30,000 டாலர். டோனர்ஸ்சூஸின் முதல் உண்மையான மூலதனம் இதுதான். தொண்டு நிறுவனங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவனரின் படத்தைப் போடுவார்கள். அந்தக் கடிதங்களை எழுதிய பிள்ளைகளின் பெயர்கள் எங்கேயும் இல்லை.

2001 ஜனவரியில் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் நீதிபதி லேலண்ட் டிகிராஸ் தீர்ப்புச் சொன்னார்: மாநில அரசு தன் கடமையில் தவறியிருக்கிறது. அரசு மேல்முறையீடு செய்தது. 2002-இல் மேல்நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப்போட்டது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பு அளவுக்குத் திறன் வந்தாலே அரசியல் சாசனக் கடமை தீர்ந்தது என்பது அதன் கருத்து. அதை வாசித்த நியூயார்க் பெற்றோர் பலர் கொதித்துப்போனார்கள். ஜாக்சன் 2003-இல் வழக்கின் பக்கம் ஊரைத் திரும்பவைக்க மன்ஹாட்டனிலிருந்து தலைநகர் ஆல்பனி வரை 150 மைல் நடந்தே போனார். அந்த ஆண்டு மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அதே 2003-இல் ஓப்ரா வின்ஃப்ரி தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டோனர்ஸ்சூஸைப் பற்றிப் பேசினார். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து மோதியதில் தளம் படுத்துவிட்டது. எழுந்தபின் இரண்டரை லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. பத்தாண்டு நடந்து, 150 மைல் கால்நடையாகவும் நடந்து வென்ற வழக்கில் ஒரு டாலர்கூட அதுவரை எந்த வகுப்பறைக்கும் வந்திருக்கவில்லை.

இவ்வளவு வேகமாக அந்நியர்கள் பணம் கொடுத்ததற்கு ஓப்ரா மட்டும் காரணமல்ல. தளம் கட்டப்பட்ட விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆசிரியர் கையில் பணமே வராது. அவர் எழுதவேண்டியது என் மாணவர்கள் யார், இதை வைத்து என்ன செய்யப்போகிறேன், என்னென்ன பொருள், ஒவ்வொன்றும் என்ன விலை என்பவைதான். வேண்டுகோளைச் சரிபார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு டாலர் முதல் யாரும் போடலாம். தொகை நிறைந்ததும் நிறுவனமே கடையில் வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். தலைமையாசிரியருக்கும் தகவல் போகும். பொருள் வந்தபின் ஆசிரியர் படமும் நன்றிக் கடிதமும் அனுப்பவேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தவருக்குப் பிள்ளைகள் கைப்பட எழுதிய கடிதங்கள் தபாலில் வரும். கெடுவுக்குள் தொகை நிறையாவிட்டால் போட்ட பணத்தை வேறு வேண்டுகோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனத்தின் செலவுக்கென்று கொடையில் 15 விழுக்காடு கேட்பார்கள். வேண்டாம் என்று கொடையாளி அதை நீக்கிவிடவும் முடியும்.

இணையத்தில் கடன் அட்டை எண்ணைத் தட்டவே பயந்த காலத்தில் இந்த ஏற்பாடு செய்தது பெரிய காரியம். சின்னக் கடன் கொடுக்கும் கிவா வந்தது 2005-இல், கிக்ஸ்டார்ட்டர் 2009-இல். பல பேர் சேர்ந்து சிறு தொகை போடும் வழக்கம் இணையத்தில் ஊன்றுவதற்கு வெகு முன்பே ஒரு பள்ளி ஆசிரியர் அதன் கணக்கு வழக்கைத் தீர்மானித்துவிட்டார்.

இதைவிட முக்கியம், யார் கேட்கிறார் என்பது. அதுவரை பள்ளிக்கு உதவி என்றால் அறக்கட்டளையோ பெருநிறுவனமோ மேலிருந்து முடிவுசெய்து இறக்குவது. கணினி அனுப்புவார்கள், மின்சாரப் பலகை பழுதான வகுப்பறையில் அது மூடியபடி கிடக்கும். இங்கே கரும்பலகைக்கு முன்னால் நிற்பவரின் சொல்தான் தொடக்கம். அவர் நுண்ணோக்கியும் கேட்டார். தரைவிரிப்பும் கேட்டார், சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து கதை கேட்க. பென்சில், மூக்குத் துடைக்கும் தாள், குளிர்காலக் கோட்டு, பசியோடு வரும் பிள்ளைக்கு நொறுக்குத் தீனி என்றும் பட்டியல்கள் வந்தன. எந்தக் கல்வி அதிகாரியும் ஆண்டறிக்கையில் எழுதாத ஒரு கணக்கு இந்த வேண்டுகோள்களில் தானாகச் சேர்ந்துகொண்டே போயிற்று.

உறுத்தல்களும் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்த ஆசிரியர் ஜெயிக்கிறார். அவர் அளவுக்கே தேவை உள்ள, ஆனால் எழுத வராத ஆசிரியரின் பக்கம் ஆறிக்கிடக்கிறது. பெரிய தொகையைவிடச் சிறிய தொகை சீக்கிரம் நிறையும் என்பதால் ஆசிரியர்கள் தேவையை நறுக்கிக் கேட்கப் பழகினார்கள். இரவு விடைத்தாள் திருத்தவேண்டியவர் விளம்பர வாசகம் எழுத உட்காருகிறார். எனக்கு இதையெல்லாம் விட ஒட்டாதது அந்த நன்றிக் கடிதம். ஜாக்சனின் வழக்கில் ஒரு பிராங்க்ஸ் சிறுமி அரசியல் சாசனத்தைக் காட்டி உரிமை கேட்கிறாள். தளத்தில் அதே சிறுமி அதே புத்தகத்துக்காக, முன்பின் தெரியாத ஒருவருக்கு வண்ணப் பென்சிலால் நன்றி எழுதுகிறாள். எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பணக்கார ஊரில் அவள் வயதுப் பெண் தன் பள்ளிப் புத்தகத்துக்காக யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

சில வட்டாரக் கல்வி நிர்வாகங்கள் தங்கள் ஆசிரியர்கள் இப்படிக் கேட்பதற்குத் தடை போட்டன, கட்டுப்பாடு விதித்தன. பிள்ளைகளின் அந்தரங்கம், பொருள் யாருடைய சொத்து என்ற குழப்பம் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களில் நியாயம் உண்டு. ஆசிரியர் பகிரங்கமாக எழுதும் பட்டியல் நிர்வாகத்துக்கு அவமானம் என்பதும் அந்தத் தடைகளுக்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

2007-இல் டோனர்ஸ்சூஸ் அமெரிக்காவின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க் சட்டமன்றம், வழக்கின் அழுத்தத்தால், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தரும் புதிய நிதி வாய்பாட்டைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் கவிழ்ந்தது. அரசு கையை விரித்தது. வாய்பாடு சட்டப் புத்தகத்தில் இருந்தது, பணம் வரவில்லை.

தென் கரோலினா மாநிலத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். அங்கேயும் 1993-இல் ஏழைக் கிராமப்புறப் பள்ளி வட்டாரங்கள் வழக்குப் போட்டன, அப்பெவில் வழக்கு என்று பெயர். மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது 2014 நவம்பரில். இருபத்தொரு ஆண்டு. 2015 மே மாதம், அந்த மாநிலத்தில் வளர்ந்தவரும் டோனர்ஸ்சூஸின் நிர்வாகக் குழுவில் இருந்தவருமான நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் கோல்பேர், தன் பழைய நிகழ்ச்சியின் மேசையை ஏலம் விட்ட பணத்தோடு வேறு கொடைகளையும் சேர்த்து 8 லட்சம் டாலர் தந்தார். அன்று தளத்திலிருந்த தென் கரோலினா ஆசிரியர்களின் ஏறத்தாழ 1,000 வேண்டுகோள்களும் ஒரே நாளில் தீர்ந்தன. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்பெவில் வழக்கில் தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு வந்த ஒரு கொடை கோல்பேரின் கொடையையும் மிஞ்சியது. 2018 மார்ச்சில் ரிப்பிள் என்ற நிறுவனம் தன் எண்ணிமக் காசில் 2.9 கோடி டாலர் மதிப்புக்குக் கொடுத்து, நாடு முழுக்க அன்று காத்திருந்த 35,647 வேண்டுகோள்களையும் மொத்தமாகத் தீர்த்துவைத்தது. ஒரு நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எழுதிவைத்திருந்த பட்டியல் முழுவதற்கும் விலை 2.9 கோடி டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. நியூயார்க் வழக்கில் நகரப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று 2006-இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 193 கோடி டாலர், அதுவும் ஒரே நகரத்துக்கு. வேண்டுகோள் எழுதும் ஆசிரியர் கூரை ஒழுகுவதையோ வகுப்பில் பிள்ளைகள் நிரம்பி வழிவதையோ பட்டியலில் சேர்ப்பதில்லை. கேட்டால் கிடைக்கக்கூடியதை மட்டும் கேட்கிறார்.

பெஸ்ட் பின்னாளில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக, அலிக்ஸ் கெரியர் அந்த இடத்துக்கு வந்தார். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, பொருள் பள்ளி முகவரிக்குத்தான் போகும் என்ற பழைய விதியைத் தளர்த்தி வீடுகளுக்கு அனுப்பினார்கள். திரண்ட கொடை மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டியது.

ராபர்ட் ஜாக்சன் 2018-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2007-இல் சட்டமான வாய்பாட்டின்படி பள்ளிகளுக்குச் சேரவேண்டிய பணத்தை மூன்று ஆண்டுகளில் முழுமையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 வரவுசெலவுத் திட்டத்தில் முடிவானபோது அவர் அந்த அவையின் உறுப்பினர். பணம் முழுதாக வந்து சேர்ந்தது 2023–24 கல்வியாண்டில், அவர் வழக்குப் போட்டு முப்பது ஆண்டு கழித்து. விங்ஸ் அகாதமியில் கடிதம் எழுதிய பிள்ளைகளுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் பிராங்க்ஸ் பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கவும் கூடும். அந்தக் கல்வியாண்டிலும் நியூயார்க் நகர ஆசிரியர்கள் தளத்தில் பட்டியல் ஏற்றினார்கள், விலையோடு.